'வரட்டும்' என்று ஒரு ஸ்டெப்

போன வாரம், நம் கிடங்கின் கம்ப்யூட்டர் ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒரு பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி ஒன்று அனுப்பியிருந்தாள். "ஸ்டெல்லா மேடம், உங்க பழைய ரோபோவுல ஏழாவது ஸ்டெப்புக்கு 'வரட்டும்'னு பேர் வெச்சிருக்கீங்க. ஒவ்வொரு நம்பருக்கும் ரெண்டு செகண்ட் சாப்பிடுது. இப்பதான் நெட் ஸ்பீடாயிடுச்சே, எடுத்துடலாமா?" கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு மீன் கழுவப் போனேன். மனசு கேட்கவில்லை. பாதி மீனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி போதாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நீளம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ரோபோவுக்கே காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்தவர்கள், இந்தக் கிழவிக்காகவும் கொஞ்சம் காத்திருக்கலாம், தப்பில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் ஒரு விஷயம். திருவொற்றியூர் தாண்டி இருக்கும் நம் கிடங்குக்குத் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்கள் வருகின்றன. அவற்றில் பெரிய கம்பெனிகளின் சரக்கு மட்டும் இல்லை. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிகளும் உண்டு. போர்வை, குக்கர், பால்பவுடர், சோப்பு என்று கட்டிக் கயிறு போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். தினமும் காலையில் அந்த நம்பர்களை ஒரு இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி, உரியவர் கேட்டு வந்திருக்கிறாரா, இல்லை கேட்பாரற்றுக் கிடக்கிறதா என்று பார்த்துப் பட்டியலில் எழுத வேண்டும். கெடு தாண்டியும் கேட்பாரற்றுக் கிடப்பதை அழிக்க அனுப்பிவிடுவார்கள். முந்நூறு நம்பர் என்றால் முந்நூறு தடவை தட்டிப் பார்க்கிற வேலை அது.

ரோபோ வருவதற்கு முன்னால் அதை நானும் இன்னொருத்தியும் செய்தோம். ஒருத்தி திரையைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பாள், இன்னொருத்தி தாளில் திருப்பிச் சொல்லி டிக் போடுவாள். கிடங்கில் இதற்கு ஜோடி என்று பெயர். பத்தொன்பது வருஷம் அவள்தான் என் ஜோடி. அவள் பேரை எழுத மாட்டேன். எழுதினால் "என்னை எதுக்குமே பேப்பர்ல ஏத்துறே" என்று சண்டைக்கு வருவாள். காசிமேட்டுக்காரி. மீன் ஏலத்தில் தாய்மாமன் கூவிய கூவலெல்லாம் இவள் தொண்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் நம்பர் படித்தால் மூன்றாவது ஷெட்டில் இருக்கும் லோடுமேன் திரும்பிப் பார்ப்பான். நான் கல்மண்டபத்துப் பெண், சர்ச் கொயரில் பாடியவள், எனக்கு மெதுவான குரல். "இன்னாமே, பூசைக்கு வந்தா மாதிரி முணுமுணுன்றே, வாயத் தொற" என்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். நம்பரைத் தட்டி என்டரை அழுத்தியதும் வலது ஆள்காட்டி விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு "வரட்டும்" என்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. எனக்கு எரிச்சலாக இருக்கும். திரையெல்லாம் அவள் விரல் ரேகை. நான் ஈரத்துணியால் துடைப்பேன், அவள் மறுபடி வைப்பாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த விரல் எதன்மேல் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதுதான்.

பிறகு மேலிடத்திலிருந்து ஆட்டோமேஷன் என்றார்கள். கையும் காலும் இல்லாத ரோபோ, கம்ப்யூட்டருக்குள்ளேயே நம்மைப் போலத் தட்டி, படித்து, எழுதும் என்றார்கள். கம்ப்யூட்டரில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் உண்டு என்பதால் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஐம்பத்து மூன்று வயசில் இருபத்து மூன்று வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பக்கத்து நாற்காலியைப் பற்றி யோசிக்கவில்லை. ரோபோ வந்தால் ஜோடி எதற்கு? அவளைக் காட்டுப்பள்ளி கிளைக்கு மாற்றினார்கள். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. போகிற அன்று அவள் தன் டம்ளரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, "சரிமே, உன் புள்ளையப் பாத்துக்கோ" என்று ரோபோவைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் போவதற்கு முன்பு ரோபோ செய்வதற்காக அவள் வேலையை நான் குறித்துக்கொண்டது உண்டு. ஸ்டாப்வாட்ச் வைத்து உட்கார்ந்தேன். "தட்டினப்புறம் எவ்ளோ நேரம் வெயிட் பண்றே?" என்று கேட்டேன். "வர்ற வரிக்கும்" என்றாள். இது ஒரு பதிலா என்று கோபம் வந்தது. நானே நேரம் பார்த்துப் பத்து செகண்ட் என்று எழுதிக்கொண்டேன்.

உங்களுக்கெல்லாம் இது தெரிந்த கதைதான். பத்து செகண்ட் என்று கட்டிப்போட்டால், இணையதளம் சுறுசுறுப்பாக இருக்கும் நாளில் ரோபோ சும்மா நிற்கும். தளம் சோம்பலாக இருக்கும் நாளில் பக்கம் வருவதற்கு முன்பே வெறும் திரையைத் தட்டிவிட்டு விழுந்து கிடக்கும். முதல் மாதம் இப்படியே போயிற்று. ஷெட்டில் இருப்பவர்கள் ரோபோவுக்கு நைனா என்று பேர் வைத்துவிட்டார்கள். "இன்னா மேடம், நைனா எழுந்தாரா, இன்னும் தூங்கிக்கினு கீறாரா?" என்று தினமும் ஒரு நக்கல். எனக்கு ரோஷம் வந்து மாற்றி எழுதினேன். நேரக் கணக்கை எடுத்துவிட்டு, 'நிலை' என்ற கட்டம் திரையில் தெரிகிறதா என்று பார், தெரிந்ததும் உள்ளே இருப்பதைப் படி என்று சொல்லிக்கொடுத்தேன். நைனா பறந்தார். இரண்டரை மணி நேர வேலை முப்பது நிமிஷத்தில் முடிந்தது. மேனேஜர் கேக் வாங்கி வெட்டினார். நான் காட்டுப்பள்ளிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். "சோக்கா கீதுமே" என்றாள் அவள். ஒரு நிமிஷம் கழித்து, "சரியாப் பாக்குதா?" என்று கேட்டாள். அதெல்லாம் பார்க்கும் என்றேன்.

இப்போது எல்லம்மாவிடம் வருகிறேன்.

எல்லம்மா எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பெண், நாற்பது வயசிருக்கும். புருஷன் வளைகுடாவில் கிரேன் ஓட்டப் போனவர். அங்கேயே நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். உடல் விமானத்தில் வந்து அடக்கமும் முடிந்தது. அவருடைய சாமான்களை அறையில் கூட இருந்தவர்கள் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். இறந்தவர் பேரில் வந்த பெட்டி என்பதால் வாரிசுத் தாள், அந்தத் தாள், இந்தத் தாள் என்று அவளை அலைய விட்டார்கள். ஒவ்வொரு தாள் கிடைத்ததும் கிடங்குக்கு வந்து காட்டிவிட்டு, என் அறை வாசலில் இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பெட்டி இந்தக் காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது என்பதே அவளுக்கு ஒரு ஆறுதல்.

ஒரு நாள் டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன், பெட்டியில் நகை ஏதாவது இருக்கிறதா என்று. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நகையா? இல்ல மேடம். அவுரு சட்டை, லுங்கி. துவைக்காம அப்டியே அள்ளிப் போட்டுட்டோம் அக்கான்னு ரூம்ல இருந்த தம்பி சொல்லிச்சு, மன்னிச்சிக்கோன்னு அழுவுது. நான் சொன்னேன், யப்பா, நீ செஞ்சதுதான் நல்ல காரியம்னு." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏரோப்ளேன்ல வந்தாரு இல்ல, அவுரு மேல ஒரே மருந்து நாத்தம். அவுரு வாசனையே இல்ல. யாரோ மாதிரி கீறாரு. அப்டியே கொண்டுபோய்ப் பொதைச்சிட்டோம். அந்தச் சட்டைல இருக்கும் மேடம். எனக்கு அது போதும்."

அன்றிலிருந்து அவளுடைய பெட்டி நம்பர் எனக்கு மனப்பாடம்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு வாரம். எல்லாத் தாளும் சேர்ந்து, எல்லம்மா பெட்டியைக் கேட்டு முறைப்படி மனுப் போட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு காலை, நல்ல புடவை கட்டிக்கொண்டு பெட்டியை எடுக்க வந்தாள். கவுன்டரில் இருந்த பையன் நம்பரைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெட்டி ஷெட்டில் இல்லை என்றான்.

நான் எழுந்து போனேன். பட்டியலைத் திறந்தேன். முந்தின நாள் காலை எட்டு நாற்பதுக்கு நைனா அந்த நம்பருக்கு நேராகக் 'கேட்பாரற்றது' என்று எழுதியிருந்தார். கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தது. மதியமே லாரி வந்து, கேட்பாரற்ற மற்றப் பெட்டிகளோடு அதையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எச்சரிக்கை எஸ்எம்எஸ் போயிருந்தது. பெட்டிமேல் எழுதியிருந்த போன் நம்பருக்கு, அதாவது செத்துப்போனவருடைய நம்பருக்கு.

இணையதளத்தை நானே கையால் திறந்து நம்பரைத் தட்டினேன். 'உரியவர் கேட்டிருக்கிறார்' என்று தெளிவாக வந்தது. பின்னே நைனா எதைப் படித்தார்? மறுபடி ஓட விட்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். மழையில் தளம் மந்தமாக இருந்தது. நைனா புது நம்பரைத் தட்டினார். பக்கம் இன்னும் மாறவில்லை. முந்தின நம்பரின் விவரம் அப்படியே திரையில் நின்றது. 'நிலை' என்ற கட்டம் தெரிகிறதா? தெரிகிறது. அது எங்கே போகும், முந்தின ஆளுடையது அங்கேயேதானே இருக்கிறது! அதைப் படித்து, புது ஆள் பேரில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எல்லம்மாவுக்கு முந்தின நம்பர் யாரோ கைவிட்ட பெட்டி. அதன் தலையெழுத்தை இவள் தலையில் எழுதிவிட்டார். எழுதியது நைனா இல்லை, நான்.

மேனேஜரிடம் ஓடினேன். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தவர். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஸ்டெல்லா, கப்பல்லேர்ந்தே பெட்டி வரலைன்னு சொல்லிடுவோம். பழைய துணிதானே? நஷ்ட ஈடு ஏதாவது பாத்துக் குடுத்துடலாம். உங்க பேரும் கெடாது."

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். ஆசையாகத்தான் இருந்தது. வேலைக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. கேக் வெட்டிய மனுஷர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். பெட்டியை ஆட்டோவில் கொண்டுபோகும்போது மழை படாமல் மூட, பிளாஸ்டிக் ஷீட் மடித்து எடுத்து வந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எரிச்சிட்டாங்களாக்கா?"

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அப்போதுதான் முதல் தடவை அக்கா என்றாள். இன்னும் இல்லை, எண்ணூர்க் கழிவுக் கிடங்கில்தான் இருக்கும், இன்றைக்கு நாலு மணிக்குத்தான் அங்கிருந்து உலைக்கு லாரி போகும், அதற்குள் தேடிவிடலாம் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, நான் முதலில் போன் போட்டது காட்டுப்பள்ளிக்கு. ஏன் என்று கேட்காதீர்கள். தலை கிறுகிறுத்தால் கை சுவரைத் தேடுவது மாதிரிதான்.

என் ஜோடி முழுசாகக் கேட்டுவிட்டு, "வர்றேன். நீ அழுதுக்கினு நிக்காத, பேப்பரும் பேனாவும் எட்த்துக்கினு கிளம்பு" என்றாள். அரை நாள் லீவு போட்டு, லாரி நெரிசலில் யாரோ ஒரு டிரைவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு எண்ணூருக்கே வந்து சேர்ந்தாள். எல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் போய் இறங்கியபோது, அந்தக் கழிவுக் கிடங்கு வாசலில் மழையில் முக்காடு போட்டு நின்ற உருவத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மணி இரண்டு.

உள்ளே பெட்டிகள் மலையாகக் கிடந்தன. எங்கள் கிடங்கு மட்டும் இல்லை, வேறு பல இடங்களிலிருந்தும் வந்தவை. சில நனைந்து நைந்து ஊறிப் போயிருந்தன. அங்கே இருந்த மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"யம்மா, நாலு மணிக்கு வண்டிய எடுத்தாவணும். லேட்டாச்சுன்னா அங்க உள்ள வுட மாட்டான். என்னைப் பேஜார் பண்ணாதீங்க."

"ஒரு அம்மா புருஷன் சட்டை உள்ள கீது மேஸ்திரி" என்றாள் என் ஜோடி. "நாலு மணி வரிக்கும் டைம் கீது இல்ல? நாங்க உன் வேலையக் கெடுக்க மாட்டோம். நீ ஏத்துறத ஏத்து. எங்க கண்ணுல படாம ஒண்ணுகூட ஏறக் கூடாது, அவ்ளோதான்."

மேஸ்திரி இரண்டு ஆளைக் கூப்பிட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் நகர்த்தச் சொன்னார். அவள் குனிந்து படிக்க, நான் திருப்பிச் சொல்லி டிக் போட்டேன். பல மாதங்களுக்கு அப்புறம் அந்தக் குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அசிங்கமாக இருக்கிறது சொல்வதற்கு, ஒருத்தியின் உயிர் அங்கே ஊசலாடிக்கொண்டிருக்கும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நாற்றம், சேறு, கொசு, எல்லாவற்றுக்கும் நடுவில் இதற்காகத்தான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன் என்று தெரிந்துபோயிற்று.

மூன்றே காலுக்கு ஒரு பெட்டி வந்தது. நீலக் கயிறு. அறையில் இருந்த தம்பி கட்டியதாக எல்லம்மா வழியில் சொன்ன அதே நீலக் கயிறு. நம்பரின் முதல் ஆறு இலக்கமும் சரியாக இருந்தது. "இதான், இதான்!" என்று கத்திவிட்டேன். எல்லம்மா ஓடிவந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

என் ஜோடி அசையவில்லை. விரலை லேபிள்மேல் வைத்தாள். "வரட்டும்" என்றாள். கடைசி இலக்கம் வரைக்கும் விரலை நகர்த்தினாள். கடைசியில் இருந்தது மூன்று. எங்களுக்கு வேண்டியது எட்டு.

"இது உன்னுது இல்ல கண்ணு. இது வேற யாரோடதோ. வுடு" என்று எல்லம்மாவின் கையை மெல்ல எடுத்துவிட்டாள். எல்லம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நைனா செய்த அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். கட்டம் தெரிந்தது, உடனே படித்துவிட்டேன்.

"நீ எப்பவும் விரல் வெச்சிப் பாப்பியே, அது எதைடீ பாக்குறே?" என்று கேட்டேன். அந்தச் சேற்றில், லாரிக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது. இந்தக் கேள்வியை ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நம்பரத்தான். வேற இன்னாத்தப் பாக்குறது? தட்டினதும் பழைய ஆளே கொஞ்ச நேரம் குந்திக்கினு இருப்பான். புது ஆளு வந்தானான்னு முதல்ல பாக்கணும். அப்பாலதானே அவன் இன்னா சொல்றான்னு கேக்கணும்? பத்தொம்போது வருசமாப் பக்கத்துல குந்திக்கினு இருந்தியே, தெரியாதாமே உனக்கு?"

தெரியாது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய் என்று கேட்டேனே தவிர, யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்கவே இல்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெட்டி கிடைத்தது. லாரியில் ஏற்கெனவே முக்கால்வாசி ஏற்றியாகிவிட்டது. மேஸ்திரியே தேடி, "யம்மா, இத்தப் படி" என்று தோளில் தூக்கி வந்தார். ஒரு மூலை நனைந்திருந்தது, மற்றபடி கட்டு பிரியவில்லை. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. விரல் ஒவ்வொரு இலக்கமாக நகர்ந்தது. கடைசி இலக்கம் எட்டு. "உன்னுதுதான்மா" என்றாள். எல்லம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதை அங்கே முடியவில்லை. சுங்க அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து காட்டினால்தான் வெளியே விடுவார்கள். மறுநாள் காலை கிடங்கில் அந்தச் சோதனை. என் ஜோடி காட்டுப்பள்ளிக்குப் போன் போட்டு இன்னொரு நாளும் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருபது பேர், ஏகப்பட்ட பெட்டி. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தபடி இருந்தன. அதிகாரி இளவயசுக்காரர், அவசரத்தில் இருந்தார். சின்னக் கத்தியால் டேப்பைக் கிழித்து மூடியை விரித்தார்.

எனக்கு எட்டும் தூரத்துக்கு அந்த வாசனை வந்தது. வியர்வை, பீடி, ஏதோ ஒரு தலைவலித் தைலம். ஒரு சாதாரண மனுஷனின் வாசனை. அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு உள்ளே கை விடப்போனார். அதற்குள் எல்லம்மா முன்னால் வந்து, குனிந்து, பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துவிட்டாள்.

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் ஒருத்தர், "இன்னாம்மா, சீக்கிரம்" என்று ஆரம்பித்தார். நானும் அவள் தோளைத் தொட்டு, எழுந்திரும்மா என்று சொல்லக் கையை நீட்டினேன்.

என் ஜோடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வரட்டும்" என்றாள்.

அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். கையுறையைக் கழற்றினார். அப்படியே நின்றார். வரிசையும் நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் செகண்ட் பார்க்கும் நான் அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எல்லம்மா தானாகத்தான் தலையைத் தூக்கினாள். முகம் முழுக்க ஈரம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"கீதுக்கா" என்றாள். "அப்டியே கீது."

அதிகாரி பெட்டியைக் கிளறவில்லை. மேலாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரே டேப்பை எடுத்து மூடியை ஒட்டினார். "இன்னொரு சுத்து ஒட்டுங்க சார், காத்து போவக் கூடாது" என்றாள் எல்லம்மா. இரண்டு சுற்று ஒட்டினார். அவள் கொண்டுவந்த பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு மதியமே நான் நைனாவை நிறுத்தி ஏழாவது ஸ்டெப்பைச் சேர்த்தேன். புது நம்பரைத் தட்டிய பிறகு, திரையில் இருக்கும் நம்பர் அந்தப் புது நம்பராக மாறும் வரை நில். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால் மட்டும் நிலையைப் படி. ரொம்ப நேரமாகியும் மாறவில்லையா, நீயாக எதையும் எழுதாதே, மனுஷரைக் கூப்பிடு. என் ஜோடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துடைக்கவில்லை. அந்த ஸ்டெப்புக்கு என்ன பேர் வைக்க என்று கேட்டேன். "எனக்கு இன்னாமே தெரியும் உன் கம்ப்யூட்டரப் பத்தி" என்றாள். நானே வைத்தேன். அந்த மழை வாரத்துப் பட்டியல்களையும் இரண்டு பேருமாக அன்று மாலை வரை படித்துச் சரிபார்த்தோம். வேறு இரண்டு நம்பர் தப்பாகப் போயிருந்தது. நல்லவேளை, அவை ஷெட்டை விட்டுக் கிளம்பவில்லை.

அவளைத் திரும்ப இங்கேயே போடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். இரண்டாவது தடவை கேட்டிருக்க வேண்டும், சண்டை போட்டிருக்க வேண்டும். ஒரு தடவையோடு விட்டுவிட்டேன். அவள் காட்டுப்பள்ளியிலேயே ஓய்வு பெற்று, மகனோடு ஓசூருக்குப் போய்விட்டாள். நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான் என் கைப்பையை வைத்துக்கொண்டேன். மனுஷர்கள் பக்கத்தில் இருக்கும்போது அவர்கள் விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பிள்ளைகளே. அவர்களுடைய நேரத்தை அளக்கிற அவசரத்தில் அதைத் தவறவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது. எனக்கு அவள் வேண்டும் போல இருக்கிறது, இன்றைக்கும், மீன் கழுவும்போதுகூட.

நெட் வேகமாகிவிட்டது, உண்மைதான். ஏதோ ஒரு மழைநாளில் அது மறுபடி மந்தமாகும். அன்றைக்கு உங்கள் வாசல் பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இது வேலைக்கான காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அது என் சொந்தக் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும், நான் பூசை முடிந்து வந்ததும், ஓசூரிலிருந்து போன் வரும். பேரப்பிள்ளைகள், முட்டிவலி, அங்கே கிடைக்கிற ஐஸ் மீன் பற்றிய புலம்பல், எல்லாம் முடிந்த பிறகு அதே குரலில் ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னாமே, நைனா இன்னும் வரட்டும்னு நிக்கிறாரா?"

நிற்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். எடுத்துவிடாதீர்கள்.